லினக்ஸுக்கென்று சேர்த்த கணினி: ரைசன் 5600ஜி, பி550 மதர்போர்டு, ஒரு ரிச்சி தெருக் கடை

வீட்டு உபயோகத்துக்காகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ஒரு கணினியையும், அந்தப் பாகங்களில் பெரும்பாலானவற்றை விற்ற சென்னை ரிச்சி தெருக் கடையையும் பற்றிய மதிப்புரை இது. கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 13 மட்டுமே இருக்கிறது; ஆபத்துக்கு ஒரு விண்டோஸும் பக்கத்தில் இருக்கட்டும் என்ற ஏற்பாடு இல்லை. ஆகவே லினக்ஸில் வேலை செய்யாத பாகம் என்னைப் பொறுத்தவரை வேலை செய்யாத பாகம்தான். பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து டெசராக்ட் மூலம் எழுத்துணர்தல், லிப்ரே ஆஃபிஸில் மெய்ப்புத் திருத்தம், எப்போதாவது கேடென்லைவில் வீடியோ வெட்டி ஒட்டுதல் ஆகியவை இதன் அன்றாட வேலைகள். விளையாட்டுக்காகக் கணினி வாங்க நினைப்பவருக்கு இந்தத் தேர்வு பொருந்தாது. விலைகளை நான் எழுதவில்லை. 2025 இறுதியில் ராம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து ஒரு வாரம் சொன்ன விலையை மறுவாரம் எந்தக் கடையும் சொல்வதில்லை.

லினக்ஸுக்குப் பாகம் தேடும்போது எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பெயர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியாது. உள்ளே ஒட்டியிருக்கும் சில்லின் அடையாள எண்தான் தெரியும். பிசிஐ என்ற மதர்போர்டு இணைப்பு வழியாக இணையும் ஒவ்வொரு சாதனமும் தயாரிப்பாளரைக் குறிக்கும் நான்கு குறியீடுகளையும், சாதனத்தைக் குறிக்கும் நான்கு குறியீடுகளையும் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. 8086:2725 என்று வந்தால் இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு என்று பொருள். (தன்னுடைய புகழ்பெற்ற பழைய பிராசசரின் எண்ணையே இன்டெல் தனக்கு அடையாளமாக வாங்கி வைத்துக்கொண்டது.) அந்த எண்ணுக்குரிய டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) கெர்னலில் எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது, அந்த டிரைவர் கேட்கும் ஃபர்ம்வேர் கோப்பு (சில்லுக்குள் ஏற்றப்படும் நிரல்) நாம் நிறுவப்போகும் டிஸ்ட்ரோவில் (டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பில்) கிடைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், பெட்டியின் மேல் யார் பெயர் இருந்தாலும் கவலை இல்லை. பயனர்கள் தங்கள் கணினிகளிலிருந்து எச்டபிள்யூ-புரோப் என்ற நிரல் வழியாக அனுப்பிய விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் லினக்ஸ்-ஹார்டுவேர் தரவுத்தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தே தேடலாம். விற்பனையாளரின் விளம்பரத் தாளைவிட அது நம்பகமானது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வயது. டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்டில். அதன் கெர்னல் 6.12. அந்தக் கெர்னல் வந்த பிறகு சந்தைக்கு வந்த சில்லுக்கு அதில் டிரைவர் இருக்கும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. ஃபெடோரா, ஆர்ச் போன்று கெர்னலை அடிக்கடி புதுப்பிக்கும் டிஸ்ட்ரோக்களில் இந்தச் சிக்கல் குறைவு என்றாலும், நிலையான பதிப்பை நிறுவிவிட்டு இரண்டு ஆண்டுகள் தொந்தரவில்லாமல் இருக்க விரும்புகிற என்னைப் போன்றவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளாவது பழகிய சில்லுகளையே வாங்க வேண்டும். கடைகளில் இது சற்று விநோதமான வேண்டுகோள். எல்லாரும் புதிதாக வந்தது எது என்று கேட்கும் இடத்தில், பழையதில் எது நல்லது என்று கேட்பவரை விற்பனையாளர் ஏற இறங்கப் பார்க்கிறார்.

பிராசசருக்கு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி என்பதை முன்பே முடிவு செய்திருந்தேன். 2021-இல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். ஸ்கேன் செய்த இதழின் பக்கங்களை ஓசிஆர்மைபிடிஎஃப் நிரல் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் வாசிக்கச் செய்வதால், இந்த ஆறு கோர்களும் வெறும் எண்ணிக்கையாக நிற்காமல் உண்மையிலேயே உழைக்கின்றன. வாங்கும்போது கவனிக்க வேண்டியது கடைசியில் வரும் எழுத்து. ஜி இருந்தால் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வெறும் 5600, 5600எக்ஸ், 5500 ஆகியவற்றில் அது கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. 2024-இல் வந்த 5600ஜிடி-யில் கிராஃபிக்ஸ் உண்டு. இதற்கு ஈடாக ஜி வரிசையில் விட்டுக்கொடுத்திருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறையை: 5600-இல் நான்காம் தலைமுறை இருக்க, 5600ஜி மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. ஆகவே இதோடு நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். எஸ்எஸ்டி பழுதில்லாமல் ஓடும். ஆனால் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும்.

உள்ளிணைந்த வேகா கிராஃபிக்ஸுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. அதன் மேலே படம் வரையும் மெசா நூலகம் இருக்கிறது. தனியாக எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. டிரைவர் கட்டற்றதாக இருந்தாலும் சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் மூடிய நிரல் என்பதை மறைக்க வேண்டாம். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் திரை குறைந்த தெளிவில் ஏதோ வரும், அவ்வளவுதான். முன்பெல்லாம் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் இத்தகைய கோப்புகள் இருக்காது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து மாற்றிய பிறகு, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன. கொள்கை அளவில் வருத்தப்படுவோர் இருக்கலாம். வைஃபை வேலை செய்தால்தான் வைஃபை ஃபர்ம்வேரை இறக்க முடியும் என்ற பழைய கண்ணாமூச்சி முடிந்ததில் எனக்கு நிம்மதிதான்.

வீடியோவைப் பொறுத்தவரை இந்தச் சில்லு எச்.264, எச்இவிசி, விபி9 ஆகிய வீடியோ வடிவங்களைத் தானே விரித்துக் காட்டும். ஏவி1 வடிவத்தை மட்டும் பிராசசர்தான் சுமக்க வேண்டும். ஆறு கோர் இருப்பதால் யூடியூப் பார்ப்பதில் அது உறுத்தவில்லை. ஃபெடோரா பயன்படுத்துவோர் கவனிக்க: காப்புரிமைக் காரணங்களுக்காக எச்.264, எச்இவிசி வசதிகளை 2022-இல் மெசாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆர்பிஎம் ஃபியூஷன் தொகுப்பிலிருந்து மாற்று மெசாவை நிறுவினால்தான் அவை திரும்பக் கிடைக்கும். மானிட்டர் வாங்கும்போது டிஸ்பிளேபோர்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. எச்டிஎம்ஐ 2.1 வசதிகளைத் திறமூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் நிராகரித்தது. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு இதனால் பாதிப்பில்லை. நாளைக்கே 4கே, 120 ஹெர்ட்ஸ் என்று போகிறவருக்குத்தான் கேபிள் எது என்பது முக்கியமாகிறது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுவோரிடம் கடைகளில் முதலில் நீட்டப்படுவது மலிவான என்விடியா ஜிடி 710 அல்லது ஜிடி 730. ஜிடி 710 கெப்லர் தலைமுறையைச் சேர்ந்தது. அதை ஏற்கும் என்விடியாவின் கடைசி டிரைவர் வரிசை 470, அதற்கான ஆதரவும் 2024-இல் முடிந்துவிட்டது. ஜிடி 730 இன்னும் மோசமான புதிர்: ஃபெர்மி, கெப்லர் என்ற இரு வேறு தலைமுறைச் சில்லுகள் அந்த ஒரே பெயரில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. நூவோ என்ற திறமூல டிரைவரில் படம் வரும்தான், ஆனால் 5600ஜி-யின் உள்ளிணைந்த கிராஃபிக்ஸைவிட அவை மெதுவானவை. டூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்காக என்விடியா 2022 மே மாதம் தன் கெர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது நல்ல திருப்பம். என்றாலும் மேலே உள்ள பகுதிகள் இன்னும் மூடியவையே. கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த மாட்யூல் மீண்டும் கட்டப்பட வேண்டும். கையொப்பமில்லாத நிரலைத் தொடங்கவிடாத செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் அதற்கு நாமே கையொப்பமிட்டு, அந்தச் சாவியை ஃபர்ம்வேரில் பதிய வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டில் கணக்கீடு செய்ய உதவும் என்விடியாவின் கூடா (CUDA) மென்பொருள் தேவைப்படுகிறவர் இந்தச் சிரமத்தை ஏற்கலாம். மெய்ப்புத் திருத்துபவருக்கு எதற்கு?

மதர்போர்டு பி550 சிப்செட் உள்ளது. எந்த நிறுவனத்தினுடையது என்று எழுதாமல் விடுகிறேன், ஏனென்றால் ஒரே மாடலுக்குள் 1.0, 1.1, 1.2 என்று திருத்தப் பதிப்புகள் வருவதும், அவற்றில் லேன் சில்லோ வைஃபை கார்டோ மாறியிருப்பதும் சாதாரணம். பெயரை நம்பி வாங்குகிறவர் நான் வாங்கியதையே வாங்குவார் என்று சொல்ல முடியாது. பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலும் மதர்போர்டின் ஓரத்திலும் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்து, அந்தப் பதிப்புக்குரிய பக்கத்தில் சில்லுகளின் பெயர்களைச் சரிபார்ப்பதே முறை. என்னுடையதில் லேன் சில்லு ரியல்டெக் ஆர்டிஎல்8125. கெர்னலின் ஆர்8169 டிரைவரே அதை ஏற்கிறது. ஆடியோவும் ரியல்டெக், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிராசசரும் மதர்போர்டும் ஒரே ஏஎம்4 சாக்கெட் என்பதால் மட்டும் பொருந்திவிடாது. பி550 பலகைகள் 2020-இல் வந்தவை, 5600ஜி அதற்குப் பின் வந்தது. ஆகவே பழைய இருப்பில் உள்ள மதர்போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) இந்தப் பிராசசரை அறியாமல் இருக்கக்கூடும். எதிர்த்திசையிலும் வேலி இருக்கிறது: 3200ஜி போன்ற முந்தைய ஜி வரிசைப் பிராசசர்கள் அதிகாரபூர்வமாகப் பி550-இல் ஆதரிக்கப்படுவதில்லை. பெட்டியில் ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள மதர்போர்டாகக் கேட்க வேண்டும். பயாஸைப் புதுப்பிக்க விண்டோஸ் தேவை என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். ஃபேட்32 வடிவில் உள்ள பென் டிரைவில் கோப்பை வைத்து, பயாஸ் திரைக்குள் இருந்தே ஏற்றிவிடலாம். மடிக்கணினிகளுக்குக் கிடைப்பதுபோல எஃப்டபிள்யூஅப்டி என்ற நிரல் வழியாக லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கும் வசதியைச் சில்லறையில் விற்கும் மதர்போர்டுகளில் காண்பது அரிது.

உண்மையைச் சொன்னால், மூன்றாம் தலைமுறையோடு நிற்கும் 5600ஜி-க்கு ஏ520 சிப்செட்டே போதும். எஸ்எஸ்டி செருகும் இரண்டு எம்.2 ஸ்லாட், நான்கு ராம் ஸ்லாட் வேண்டும் என்பதற்காகத்தான் பி550 வாங்கினேன். அதிலும் கையேட்டின் அடிக்குறிப்பைப் படிக்காமல் வாங்கக் கூடாது. பல மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி-யைச் செருகினால் ஹார்டு டிஸ்குகளுக்கான சாட்டா இணைப்புகளில் இரண்டு செயலிழந்துவிடும். ஸ்கேன் கோப்புகளைச் சேமிக்கப் பழைய ஹார்டு டிஸ்குகளை வைத்திருக்கும் எனக்கு அந்த ஒரு வரி, பெட்டியின் மேல் உள்ள எல்லா வண்ண எழுத்துகளையும்விட முக்கியமாக இருந்தது.

ராம் டிடிஆர்4, 3200, இரண்டு எட்டு ஜிபி. ஒரே பதினாறு ஜிபி ராம் வாங்கினால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் ராமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால், ஒற்றை ராம் போட்டால் பாதை பாதியாகி கிராஃபிக்ஸ் தளர்ந்துவிடும். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் ஸ்லாட்டுகளில் செருக வேண்டும். பூட்டியவுடன் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓடவிட்டேன். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் அது பழைய பயாஸுக்கு மாற்றாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள கணினிகளிலும் ஓடுகிறது. எஸ்எஸ்டி பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எம்.2 வடிவத்தில் சாட்டாவும் உண்டு, வேகமான என்விஎம்இ-யும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

லினக்ஸ் பயனரை அதிகம் வதைப்பது எப்போதும் வைஃபைதான், அதனால் அதில் நான் அதிக நேரம் செலவிட்டேன். பெயர் ஒன்று, சில்லு வேறு என்பதற்குப் பாடநூல் உதாரணம் டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற யூஎஸ்பி அடாப்டர். முதல் பதிப்பில் இருந்தது அதெராஸ் ஏஆர்9271. டிரைவர் மட்டுமல்ல, ஃபர்ம்வேரும் கட்டற்றதாக உள்ள மிகச் சில வைஃபை சில்லுகளில் ஒன்று அது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சில்லு வந்துவிட்டது. வெளித்தோற்றம், ஆன்டெனா, மாடல் எண் எல்லாம் அப்படியே இருந்தன. பழைய பரிந்துரைகளைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பை வாங்கி, டிரைவருக்கு அலைந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது இன்டெல் ஏஎக்ஸ்210. இதற்கான ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் கெர்னல் 5.10 முதல் இந்தக் கார்டை ஏற்கிறது. முதலில் கேட்ட ஒரு கடையில் ஏஎக்ஸ்211-ஐ எடுத்து வைத்தார்கள். “ரெண்டும் இன்டெல்தான் சார், ஒரே கார்டுதான், நம்பர் மட்டும்தான் வேற” என்றார் அங்கிருந்த இளைஞர். பார்வைக்கு ஒரே கார்டுதான். ஆனால் 211-இல் வைஃபையின் ஒரு பகுதி மட்டுமே கார்டில் இருக்கிறது. மீதி வேலையை இன்டெல் சிப்செட்டுக்குள் உள்ள பகுதி செய்ய வேண்டும். சிஎன்விஐஓ என்று இன்டெல் பெயரிட்டிருக்கும் இந்த ஏற்பாடு ஏஎம்டி மதர்போர்டில் கிடையாது; அதில் 211-ஐச் செருகினால் லினக்ஸ் என்றில்லை, எந்த இயங்குதளமும் அதைக் கண்டுகொள்ளாது. ஏஎக்ஸ்200, 201 இரண்டுக்கும் இதே வேறுபாடுதான்: 200 எங்கும் ஓடும், 201 இன்டெல் சிப்செட்டுக்கு மட்டும். அந்த இளைஞர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இன்டெல் மடிக்கணினிக்கு வாங்குகிறவர்களாக இருந்திருப்பார்கள், இரண்டும் ஓடியிருக்கும்.

டெஸ்க்டாப் ஸ்லாட்டில் செருகும் தட்டோடு வாங்கினால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகப் போகிறது, புளூடூத் யூஎஸ்பி வழியாகப் போகிறது. கார்டோடு வரும் மெல்லிய ஒயரை மதர்போர்டில் உள்ள யூஎஸ்பி 2.0 ஊசிகளில் செருகாவிட்டால், வைஃபை நன்றாக ஓடும், புளூடூத் மட்டும் இருக்காது. இதை டிரைவர் கோளாறு என்று நினைத்துக் கெர்னலைத் திட்டுவோர் உண்டு.

இனி கடை. ரிச்சி தெருவும் அதையொட்டிய மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்த பகுதியில் கணினிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. விலையில் பெரிய வித்தியாசமும் இருப்பதில்லை. நான் வாங்கிய கடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். என் பென் டிரைவில் உள்ள டெபியனைக் கவுண்டரிலேயே போட்டுப் பார்க்க அனுமதிப்பீர்களா என்று கேட்டபோது, மற்ற இடங்களில் தயங்கினார்கள். இங்கே கடைக்காரர், “பில் போட்டுட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார், என்ன பாக்கணுமோ இப்பவே பாத்துக்கோங்க” என்றார். எல்லாப் பாகங்களையும் அங்கேயே வாங்கினால் இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை என்பதும் அவர் நிபந்தனை.

மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேலேயே கிடத்தி, பிராசசரையும் அதோடு வந்த ஃபேனையும் பூட்டி, ராமைச் செருகி, எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) ஒயர்களை மாட்டிய பிறகு, பவர் பொத்தானுக்குரிய இரண்டு ஊசிகளை ஸ்குரூடிரைவர் முனையால் தொட்டு ஒரு பணியாளர் உயிர் கொடுத்தார். கேபினெட் எதுவும் இல்லை. பயாஸ் பதிப்பு பழையதாக இருந்தது, ஆனால் பிராசசரை ஏற்றுக்கொண்டது. நான் கேட்டதும் புதிய பயாஸை அங்கேயே ஏற்றித் தந்தார்கள். பிறகு டெபியன் லைவ் திரை வந்ததும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையை, சாதன எண்களையும் டிரைவரையும் சேர்த்துக் காட்டும் தெரிவுகளோடு ஓட்டினேன். கிராஃபிக்ஸுக்கு 1002:1638, அதன் கீழே பயன்பாட்டில் உள்ள டிரைவர் ஏஎம்டிஜிபியு, லேனுக்கு ஆர்8169, ஆடியோவுக்கு எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல். ஏஎம்டி மதர்போர்டிலும் ஆடியோ டிரைவரின் பெயரில் இன்டெல் இருக்கும், திடுக்கிட வேண்டாம். ஏதாவது ஒரு சாதனத்தின் கீழே டிரைவர் வரி இல்லாமல் இருந்தால் அந்தப் பாகத்தை அங்கேயே மாற்றிக் கேட்கலாம் என்பதே இந்தச் சோதனையின் பயன். சில நிமிட வேலை. பார்த்துக்கொண்டிருந்த பணியாளர் அந்தக் கட்டளையைத் தன் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

கடையில் குறையும் உண்டு. ஏஎக்ஸ்210 அவர்களிடம் இல்லை. வேறெங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தது பெட்டியில்லாத வெறும் கார்டு. ஓடுகிறது, ஆனால் அதற்கு உத்தரவாதம் என்பது கடைக்காரரின் வாய்ச்சொல்தான். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தும் மதர்போர்டு, எஸ்எஸ்டி ஆகியவற்றின் சீரியல் எண்களை எழுதாமலே நீட்டினார்கள். கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சேவை மையத்தில் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான் என்பதால் இதைச் சிறிய விஷயமாக விட முடியாது. பில் போடும்போது, “ஓஎஸ் ஃப்ரீயா போட்டுத் தரட்டுமா சார்” என்ற வழக்கமான கேள்வியும் வந்தது. சற்று முன்புதான் டெபியனைப் பார்த்திருந்தார்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவில்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத இந்தக் கணினி சும்மா இருக்கும்போது நாற்பது வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கிறது. 450 வாட்டே தாராளம். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்-ஐ மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்-களில் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி அமைப்பு இருக்கும். மலிவான யூபிஎஸ்-கள் மின்சாரம் போனதும் தருவது உண்மையான சைன் அலை அல்ல, படிப்படியாக வெட்டிய அலை. இவை இரண்டும் ஒத்துப்போகாமல், யூபிஎஸ் இருந்தும் கணினி அணைந்துபோவது சில இணைகளில் நடக்கக்கூடியது. வாங்கும் முன் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லலாம்.

யூபிஎஸ்-ஸில் நான் இன்னொன்றும் பார்த்தேன். நம் கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யூபிஎஸ்-களில் பெரும்பாலானவற்றுக்கு யூஎஸ்பி இணைப்பே கிடையாது. பேட்டரி தீரும் வரை கீச் கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்துவிடும். ஆள் இல்லாத நேரத்தில் கணினி முறையாக அணையாது. யூஎஸ்பி உள்ளதை வாங்கி, யூபிஎஸ்-ஸைக் கண்காணிக்கும் என்யூடி மென்பொருளை நிறுவினால், பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் கணினி தானே மூடிக்கொள்ளும். யூஎஸ்பி இருந்தால் மட்டும் போதாது, அது எந்த நெறிமுறையில் பேசுகிறது என்பதும் முக்கியம். பொதுவான எச்ஐடி முறையில் பேசுவதற்கு யூஎஸ்பிஎச்ஐடி-யூபிஎஸ், மெகாடெக் வழியில் பேசும் மலிவான வகைகளுக்கு நட்டிஆர்வி-க்யூஎக்ஸ் என்று என்யூடி-யில் தனித்தனி டிரைவர்கள் உண்டு. அந்த யூபிஎஸ்-ஸின் பெயர் என்யூடி-யின் ஆதரவுப் பட்டியலில் இருந்தால் நேரம் மிச்சம்.

சில மாதப் பயன்பாட்டில் தொல்லை கொடுத்தது தூக்க நிலைதான். உறங்கச் சொன்னால் கணினி உறங்கி, மறுகணமே விழித்துக்கொண்டது. பல பி550 மதர்போர்டுகளில் பேசப்பட்ட சிக்கல் இது. ஜிபிபி0 என்ற பிசிஐ பாலம் தேவையில்லாமல் எழுப்பிவிடுகிறது. கணினியின் மின்நிலைகளை நிர்வகிக்கும் ஏசிபிஐ-யின் விழிப்புப் பட்டியலில் அதை அணைத்ததும் சரியானது. அந்த மாற்றம் மறுதொடக்கத்தில் மறைந்துவிடுவதால் கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி-யில் ஒரு சிறு சேவையாக எழுதி வைக்க வேண்டியிருந்தது. மதர்போர்டு நிறுவனத்துக்கு எழுதியபோது லினக்ஸை ஆதரிப்பதில்லை என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. ஃபேன் வேகமும் வெப்பநிலையும் காட்டும் சென்சார் சில்லு நுவோட்டான் வகை. என்சிடி6775 மாட்யூலை ஏற்றியவுடன் எண்கள் வந்துவிட்டன. புதிய ஐடிஇ வகைச் சில்லுகள் உள்ள மதர்போர்டுகளில் கெர்னலுக்கு வெளியே உள்ள ஐடி87 டிரைவரைத் தேடிக் கட்ட வேண்டியிருக்கலாம். வண்ண விளக்குகள் உள்ள பாகங்களை வாங்கவில்லை; அவற்றை ஓப்பன்ஆர்ஜிபி கொண்டு அடக்கலாம் என்று தெரிந்தும், அடக்குவதற்காக ஒன்றை வாங்குவானேன் என்று தோன்றியது.

அடி முதல் நுனி வரை கட்டற்ற மென்பொருள் வேண்டும் என்பவருக்கு இந்தக் கணினி நிறைவு தராது. பயாஸ் மூடியது, ஏஎம்டி பிராசசருக்குள் உள்ள பாதுகாப்புத் துணைச் செயலியின் நிரலும் மூடியது, இன்டெலின் மேனேஜ்மென்ட் எஞ்சினும் அப்படித்தான். பயாஸையாவது திறந்ததாக வைத்துக்கொள்ள விரும்புவோர், எம்எஸ்ஐ புரோ இசட்690-ஏ மதர்போர்டுக்குத் திறமூல கோர்பூட்டை அடிப்படையாகக் கொண்ட டஷாரோ ஃபர்ம்வேர் கிடைக்கிறது என்பதைக் கருத்தில் கொள்ளலாம்.

இன்று புதிதாக வாங்குகிறவர் ஏஎம்4-ஐத் தேர்வது சரியா என்பது அவரிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கையில் டிடிஆர்4 ராம் இருந்தால் தயங்காமல் 5600ஜி அல்லது 5600ஜிடி வாங்கலாம். இன்டெல் பக்கம் போகிறவருக்கு ஐ3-12100 நான்கு கோரோடு அலுவலக வேலைக்குப் போதுமானது. எஃப் என்ற எழுத்தில் முடியும் மாடலில் மட்டும் கிராஃபிக்ஸ் இருக்காது. எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கி, ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர் டிடிஆர்5 விலையைப் பொறுத்துக்கொண்டு ஏஎம்5 சாக்கெட்டில் 8600ஜி பக்கம் போகலாம். அது 2024-இல் வந்த சில்லு என்பதால் டெபியன் 13-இன் 6.12 கெர்னல் அதற்குப் போதும். 2023-இன் டெபியன் 12-ஐ விட மனமில்லாதவர் பழைய பதிப்புக்கான புதிய மென்பொருள் தொகுப்பான பேக்போர்ட்ஸிலிருந்து கெர்னலையும் ஃபர்ம்வேரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.